பல் மருத்துவத் துறை, மூன்றாம் மாடி

வேறு அறை கிடைக்கவில்லையாம்.
பிளாஸ்டர் தாடைகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே
வட்டமாக ஒன்பது நாற்காலிகள்.
தெமூக்கோவில் ஜூன் மாதம், குளிர், விடாத மழை.
ஊரே விறகடுப்புப் புகையில் இருமிக்கொண்டிருந்தது.
எங்கள் எல்லோர் பையிலும் ஒரே கடிதம்:
எட்டு வியாழக்கிழமை வா,
இல்லையென்றால் இந்தப் பருவத்துக்கு வராதே.

முதலில் ஒரு படிவம்.
'எனக்குச் சட்டென்று கோபம் வரும்.'
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடுக.
நான் ஒன்றை வட்டமிட்டேன்.
எலியெசெரின் புருவத்தில் அப்போது
நான்கு தையல் இருந்தது.

ஹெர்மினியா மழைக்கோட்டைக் கழற்றாமலே கேட்டார்:
உடம்பில் அது எங்கே தொடங்குகிறது?
காதில், என்றான் யெர்கோ. முதலில் காது சுடும்.
முழங்காலில் என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தோம்,
அவள் முழங்கால் ஆடத் தொடங்கியதும் நிறுத்தினோம்.
மில்யாராய் எதுவும் சொல்லவில்லை.
கையுறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
பல்லில், என்றேன் நான்.
அலமாரியைப் பார்த்துச் சொன்னதாக நினைத்தார்கள்.
இல்லை. சின்ன வயதிலிருந்து
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றார்கள்;
இருந்தேன். கடைவாய்ப்பல் தேய்ந்துவிட்டது.

மூன்றாம் வியாழன் என் முறை.
என்ன நடந்தது?
பருப்பு.
பருப்பா?
மூன்று நாளைக்கென்று ஞாயிற்றுக்கிழமை வேகவைத்தது,
திங்கள் இரவு பாத்திரம் காலி.
எலியெசெர் சிரித்தான். சிரித்ததுதான் தப்பு.
இல்லை,
நான் எறிந்ததுதான் தப்பு
என்று யாரோ திருத்துவார்கள் எனக் காத்திருந்தேன்.
யாரும் திருத்தவில்லை.
யெர்கோவை எலியெசெராக உட்கார வைத்தார் ஹெர்மினியா.
அவனும் சிரித்துக் காட்டினான், ரொம்ப நன்றாக.
நான் எழுந்ததில் நாற்காலி விழுந்தது.
எழுந்தாயிற்று, என்றார் ஹெர்மினியா,
இப்போது அங்கேயே நில்.
நின்றேன்.
ஒன்பது பேர் மூச்சு விடுவது
மழையை மீறிக் கேட்டது.
அவ்வளவு நேரம் கோபத்தோடு சும்மா நின்றது
அதுதான் முதல் தடவை.
நிற்க நிற்க அது அசிங்கமாகி, அப்புறம் பசியாகி,
கடைசியில் வெறும் கால்வலி ஆனது.

ஐந்தாம் வாரம் யெர்கோ வரவில்லை.
பேருந்து ஓட்டுநர் ஒருவரோடு ஏதோ என்றார்கள்.
அவன் நாற்காலியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.
ஹெர்மினியா பதில் சொல்லாமல்
தன் பையை அதன்மேல் வைக்கப் போய்
வைக்காமல் தரையில் வைத்தார்.

ஆறாம் வாரம் வந்தான்.
வலது கை முழுக்கக் கட்டு.
ஏன், எதற்கு, எத்தனை தடவை சொல்லியும்
என்று நாங்கள் வரிசையாக நாக்கைத் தீட்டிக்கொண்டிருக்கையில்
மில்யாராய் ஆறு வாரத்தில் முதன்முறையாக வாய் திறந்தாள்:
வலிக்கிறதா?
அவன் காது சிவந்தது.
எல்லோரும் அந்தக் காதையே பார்த்தோம்.
பிறகு அவன் தலையைக் குனிந்து,
ஆமாம், என்றான்.
வேறு எதுவும் நடக்கவில்லை.
ஆனால் அன்று முழுக்க எவனும்
எதையும் விளக்க முயலவில்லை.

எட்டாம் வியாழன், மறுபடி அதே படிவம்.
'எனக்குச் சட்டென்று கோபம் வரும்.'
பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து
நான்கை வட்டமிட்டேன்.
கணக்குப்படி நான் மூன்று புள்ளி மோசமாகியிருக்கிறேன்.
ஹெர்மினியாவின் சராசரியை
நான் ஒருத்தனே கெடுத்திருப்பேன்.
அவர் தாளை வாங்கிப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல்
மற்றத் தாள்களுக்கு நடுவில் செருகினார்.

எலியெசெர் வேறு வீட்டுக்குப் போய்விட்டான்.
மன்னிப்புக் கேட்டு எழுதினேன்;
படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.
அது அவன் பங்கு.

பாத்திரம் இருக்கிறது.
விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியதால்
மூடி பொருந்துவதில்லை,
அந்த வழியாக ஆவி போய்க்கொண்டே இருக்கிறது.
பருப்பு வேக
முன்னைவிட நேரமாகிறது.
நின்றுகொண்டிருக்கிறேன்.